டிவி திரையில் விழும் தழும்பு



எண்ணூரில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், புது ஓ.எல்.இ.டி. டிவியில சேனல் மாத்தினாலும் நியூஸ் சேனல் லோகோ நிழலா நிக்குது, ஏன்?"

இது பழைய வியாதிதான். 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய காலத்தில் எல்லாமே பிக்சர் டியூப் பெட்டிகள். கண்ணாடியின் உள்பக்கம் பாஸ்பர் என்ற பூச்சு இருக்கும். எலக்ட்ரான் கற்றை மோதினால் அது ஒளிரும். ஒரே எழுத்து ஒரே இடத்தில் வருடக்கணக்கில் நின்றால் அந்த இடத்துப் பூச்சு மட்டும் தேய்ந்துவிடும். பச்சை எழுத்து ஓடும் அந்தக் காலத்து அலுவலகக் கம்ப்யூட்டர்களில், அணைத்த பிறகும் மங்கலாகக் கட்டங்கள் தெரியும். இதைத் தடுக்க வந்ததுதான் ஸ்க்ரீன் சேவர். ஏதோ அழகுக்கு வைத்தது என்றே பலர் நினைத்திருந்தோம்!

வீடுகளில் அப்போது இந்தத் தொல்லை இல்லை. மாலையில் சில மணி நேரம்தானே நிகழ்ச்சி! 1993-ல் சன் டிவி வந்தது, பின்னாலேயே மற்ற சேனல்கள். பெட்டி நாள் முழுக்க ஓடியது, லோகோ மூலையை விட்டு நகரவில்லை.

2006-ல் தமிழக அரசு இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டி. 2011-க்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனது. உலகம் எல்.சி.டி.க்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. வழக்கொழியப் போகிற சரக்கு என்று கேலி செய்தவர்கள் உண்டு. திருவொற்றியூரில் நான் பார்த்தவரை நன்றாகவே உழைத்தன. ரிப்பேர் ஆனாலும் தெருமுனை மெக்கானிக் சரிசெய்துவிடுவார்.

எல்.சி.டி. தானாக ஒளிர்வதில்லை, வெளிச்சம் பின்னாலிருந்து வருகிறது. அதனால் தழும்பு அபூர்வம். பின்விளக்கு போனால்தான் இருட்டடிக்கும். ஓ.எல்.இ.டி.யில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, அதிலும் நீலப் புள்ளி சீக்கிரம் களைத்துவிடும். லோகோ நின்ற இடம் மற்ற இடங்களைவிட அதிகம் தேய்கிறது. அவ்வளவுதான் விஷயம். வெளிச்சத்தைக் குறைத்து வை, நியூஸ் சேனலை நாள் முழுக்க ஓடவிடாதே என்றேன். இன்னொன்று, ரிமோட்டில் அணைத்தவுடன் சுவரில் உள்ள சுவிட்சையும் தட்டிவிடுவது நம் வீட்டுப் பழக்கம். ஓ.எல்.இ.டி. ஓய்வில் இருக்கும்போதுதான் தன்னைச் சரிசெய்துகொள்ளும், அதற்கு மின்சாரம் வேண்டும்.

அந்த இலவசப் பெட்டிகள் இப்போது காயலான் கடைகளில். செம்புக் கம்பிக்காக டியூபை உடைக்கிறார்கள். டியூபின் பின்புறக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. உடைந்த துண்டுகள் பையன்கள் விளையாடும் மண்ணிலேயே கிடக்கின்றன. மின்கழிவு விதிகள் 2012-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டன. உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பெட்டி இருந்தால், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மையத்தில் முழுசாகக் கொடுங்கள்.