கோல்ஃபாக்ஸ் நினைவுச்சின்னங்கள்

கோல்ஃபாக்ஸ், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ரெட் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறன்று இங்கே கறுப்பின மக்கள் படுகொலை செய்யப்பட்டனர். அந்த ஒரே நாளைக் குறித்து இவ்வூரில் மூன்று சின்னங்கள் எழுந்தன: 1921இல் ஒரு தூபி, 1950களின் தொடக்கத்தில் மாநில அரசின் வரலாற்றுப் பலகை, 2023இல் கருங்கல் நினைவுச்சின்னம். இறந்தவர்களில் யாரைப் பெயர் சொல்லி நினைப்பது, யாரை வெறும் எண்ணாக விடுவது என்பதில் மூன்றும் வேறுபடுகின்றன.

உள்நாட்டுப் போர் முடிந்தபின், 1869இல் உருவாக்கப்பட்ட மாவட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் கிராண்டின் பெயரும், அதன் தலைமையிடத்துக்குத் துணைத் தலைவர் ஸ்கைலர் கோல்ஃபாக்ஸின் பெயரும் சூட்டப்பட்டன. பழைய தோட்டம் ஒன்றின் குதிரை லாயமே நீதிமன்றமாக மாற்றப்பட்டது. 1872 ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் வில்லியம் கெல்லாக், எதிரணியின் ஜான் மெக்கெனரி இருவருமே வென்றதாக அறிவித்துக்கொண்டனர். மாவட்டப் பதவிகளுக்கும் இருதரப்பினர் உரிமை கோரினர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் கெல்லாக் தரப்பு அதிகாரிகளுக்குத் துணைநின்று, நீதிமன்றத்தைச் சுற்றி அகழி தோண்டிக் காவல் காத்தார்கள். ஏப்ரல் 5 அன்று, தன் நிலத்தில் வேலி போட்டுக்கொண்டிருந்த ஜெஸ்ஸி மெக்கின்னி என்ற விவசாயி சுட்டுக் கொல்லப்பட்டதும் அச்சம் பரவி, பல குடும்பங்கள் நீதிமன்றத்தருகே தஞ்சம் புகுந்தன.

கிறிஸ்டோபர் கொலம்பஸ் நாஷ் தலைமையில் வந்த வெள்ளையர் படையிடம் துப்பாக்கிகளோடு சிறு பீரங்கியும் இருந்தது. நீதிமன்றத்துக்குத் தீ வைத்தார்கள். வெளியே வந்தவர்களைச் சுட்டார்கள். சரணடைந்து கைதிகளாக இருந்தவர்களை அன்றிரவு கொன்றார்கள். இதைச் சண்டை என்று சொல்ல இடமில்லை. கொல்லப்பட்டவர்களில் பலர் அவர்களே தோண்டிய அகழியில் புதைக்கப்பட்டனர். 1875இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அளிக்கப்பட்ட இராணுவ அறிக்கை 81 கறுப்பினத்தவரைப் பெயர் குறிப்பிட்டுப் பட்டியலிட்டது. ஆற்றில் வீசப்பட்டவர்களையும் மறைவாகப் புதைக்கப்பட்டவர்களையும் சேர்த்து, இறந்தோர் குறைந்தது 105 பேர் என்றது. வெள்ளையர் தரப்பில் இறந்தவர் மூவர்.

1870ஆம் ஆண்டின் அமலாக்கச் சட்டத்தின்கீழ் 97 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டாலும் விசாரணைக்கு வந்தவர்கள் ஒன்பது பேர்தான். தண்டனைத் தீர்ப்பு மூவருக்கு மட்டும். அதையும் 1876இல், க்ரூயிக்ஷாங்க் வழக்கில், உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தம் மாநில அரசுகளைக் கட்டுப்படுத்துமே தவிரத் தனிநபர்களை அல்ல என்பது அதன் வாதம். கறுப்பின மக்களைக் காக்க மத்திய அரசிடம் இருந்த முக்கியமான கருவியை இத்தீர்ப்பு முறித்துப்போட்டது. அதன் விளைவுகளைத் தென்மாநிலங்கள் முழுவதிலும் தலைமுறைகள் அனுபவித்தன.

1921இல் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சுமார் 12 அடி உயரப் பளிங்குத் தூபி எழுந்தது. ஸ்டீபன் பாரிஷ், ஜேம்ஸ் ஹாட்னாட், சிட்னி ஹாரிஸ் என்ற அந்த மூன்று வெள்ளையரையும் வீரர்கள் என்று போற்றி, வெள்ளையர் மேலாதிக்கத்துக்காகப் போரிட்டு மாண்டவர்கள் என்று அதில் வெளிப்படையாகவே பொறித்தார்கள். கொன்றவர்களின் நோக்கத்தைக் குற்றமாக அல்ல, பெருமையாகவே அக்கல் சொல்கிறது.

நீதிமன்றத்தருகே மாநில அரசு நட்ட பலகை இன்னும் கொடியது. ஏனெனில் அது அரசின் குரல். நடந்தது கலவரம் என்றது. மூன்று வெள்ளையரும் 150 கறுப்பினத்தவரும் இறந்ததாகக் குறித்தது. வெளியாரின் தவறான ஆட்சி தெற்கில் முடிவுற்றதற்கு இந்நிகழ்வே அடையாளம் என்று பாராட்டவும் செய்தது. 1875 இராணுவ அறிக்கையிலேயே பெயர்கள் இருந்தும் இங்கே கறுப்பினத்தவர் ஓர் எண் மட்டுமே. எழுபது ஆண்டுகள் நின்ற அப்பலகை 2021 மே மாதம் அகற்றப்பட்டது.

படுகொலையின் 150ஆம் ஆண்டு நாளில், 2023 ஏப்ரல் 13 அன்று, புதிய நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. கொல்லப்பட்ட ஒருவரின் வழித்தோன்றலும் தாக்கியவர்களில் ஒருவரின் வழித்தோன்றலும் சேர்ந்து முயன்றதால் அது சாத்தியமாயிற்று. கல்லறைத் தோட்டத்துத் தூபி அப்போதும் அகற்றப்பட்டிருக்கவில்லை. புதிய சின்னத்தின் கறுப்புக் கருங்கல் பலகைகளுக்கான சித்திரங்களை ஜாஸ்மென் லீ-ஜான்சன் வரைந்தார். இறந்ததாக அறியப்பட்ட 57 பேரின் பெயர்களோடு, உயிர் பிழைத்ததாக உறுதியான 35 பேரின் பெயர்களும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன.