ஏ.ஐ. வந்தா வேலை போயிடுமா? தஞ்சாவூர் நெல்லைக் கேட்போம்

எங்க ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சம்மரி டைப் செய்யும் தங்கச்சி போன வாரம் கேட்டாங்க. "சார், இதையெல்லாம் இனி ஏ.ஐ.யே எழுதிடுமாமே. அப்ப நான்?"

எனக்கு உடனே பதில் வரல. டெல்டாக்காரன் என்பதால் நெல்லை வைத்து யோசிச்சேன். கொஞ்சம் பொறுமையா வாசிங்க மக்களே.

1960களின் தொடக்கத்தில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குத் தஞ்சாவூரைத் தேர்ந்தெடுத்தாங்க. அடுத்த சில வருஷத்தில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 வந்தது. சுமார் 105 நாளில் அறுவடை. விளைச்சலும் அதிகம்.

இதனால் வேலை போச்சா? இல்லைங்க. குறுவை அறுப்பும் தாளடி நடவும் ஒரே சமயத்தில் வந்து நின்றன. தலைக்கு மேல ஐப்பசி மழை வேற. ஆள் தேவை கூடத்தான் செய்தது.

சிக்கல் வேறு இடத்தில். அறுப்புக் கூலி அப்போ நெல்லாகவே அளக்கப்பட்டது. களத்தில் குவியல் உயருது. அறுத்தவர் வீட்டுக்குப் போற நெல் மட்டும் ஏன் உயரக் கூடாது? செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து கூடுதல் கேட்டாங்க. மிராசுதார்கள் தங்களுக்கென நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்தார்கள், அறுப்புக்கு வெளியூர் ஆட்களை இறக்கினார்கள்.

1968 டிசம்பர் 25 இரவு. அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். தலித் மக்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். (சாதியை மறைத்துவிட்டு இதை வெறும் கூலித் தகராறுன்னு சொல்றவங்களை நம்பாதீங்க.) 1969ல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது.

அறுவடையையே பறித்த மெஷின் பல வருஷம் கழிச்சுதான் வந்தது. இடுப்பு வலிக்காக என்னிடம் வரும் ஒரு அம்மா சொல்வாங்க, "மெஷின் வந்து என் இடுப்பு தப்பிச்சுது தம்பி. அறுப்பு நெல்லுதான் வீட்டுக்கு வரல." டாக்டரா எனக்கு முதல் வரி சந்தோஷம். ரெண்டாவது வரிக்கு மாத்திரை எழுத முடியாது.

இப்ப நம்ம தங்கச்சி கதைக்கு வருவோம். ஏ.ஐ. நொடியில் சம்மரி எழுதும், சரி. ஆனா 5 மி.கி. மாத்திரை 50 மி.கி.னு விழுந்திருந்தா? பல வருஷம் சம்மரி பார்த்த கண்ணு வேணும் அதைப் பிடிக்க. மிச்சமாகிற நேரத்தில் நிர்வாகம் இன்னும் பத்து நோயாளிகளைச் சேர்க்கும். அந்தக் கூடுதல் வருமானமும் ஒரு குவியல்தான்.

அதனால அவங்ககிட்ட இன்னைக்குச் சொன்னேன்: "சரிபார்க்கிற வேலையை உங்க பேர்ல எழுத்துப்பூர்வமா கேளுங்கம்மா. சம்பளம் எவ்வளவுன்னும் சாஃப்ட்வேர் வாங்குறதுக்கு முன்னாடியே கேளுங்க. நானும் கூட வரேன்."

திங்கட்கிழமை போறோம்.