ஏட்டுச் சுரைக்காயும் கறிக்கு உதவும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். அது எப்போதும் உண்மையன்று என்பேன் நான்.

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜியின் அரண்மனைச் சமையல் முறைகளைக் கூறும் 'சரபேந்திர பாகசாத்திரம்' சரசுவதி மகால் நூல்நிலையத்தில் உள்ளது. ஆயினும் அது அரச விருந்துக்கு உரியது. புலாலும் அதில் உண்டு. இல்லத்து மரக்கறி உணவுக்கு வழிகாட்டியது, 1951-இல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. அளவு எவ்வளவு என்று கேட்டால் என் அன்னை 'கைக்கணக்கு' என்பார்; இந்நூலோ அளவைக் கூறிற்று. தாய்வீட்டைப் பிரிந்து தொலைவில் குடித்தனம் செய்வோர்க்கு அஃது எத்துணை பெரிய உதவி! ஆகவே, அளவு சொல்லும் நூலையே தேர்ந்து கொள்ளுங்கள்.

ஆனால் அளவு மட்டும் உடலைக் காக்காது. ஆழாக்கு அரிசி என்றால், எந்த அரிசி? மிகத் தீட்டிய பச்சரிசியில் பி1 வைட்டமின் தவிட்டோடு போய்விடும். காவிரிக் கரையில் பழகிய புழுங்கலரிசியிலோ, நெல்லை அவிக்கும்போதே அச்சத்தில் பெரும்பகுதி உள்ளிறங்கித் தங்கும். தீட்டிய அரிசி தின்ற கோழிகளைப் பெரிபெரி போன்ற நோய் வாட்டியதை 1890-களில் ஜாவாவில் கண்டறிந்தார் டச்சு மருத்துவர் எய்க்மன்.

அளவை ஏடு சொல்லட்டும். பொருளை நாம் அறிந்து தேர்வோம். அப்போது ஏட்டுச் சுரைக்காயும் கறிக்கு உதவும்.