தோட்டத்துத் தாய்மாரும் ரத்தப் பரிசோதனையும்

மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் ரத்தப் பரிசோதனை தாய்மைக்காகத் தொடங்கவில்லை. காய்ச்சலில் விழுந்த ஆட்களை மறுபடி வேலைக்காட்டில் நிறுத்துவதற்காகத் தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெராம், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) பகுதிகளில் காடழித்து ரப்பர் நட்டார்கள். 1917இல் தென்னமரம் தோட்டத்தில் தோட்ட முதலாளி ஹென்றி ஃபோகோனியே செம்பனையை வணிகப் பயிராக நட்டார். நிழல் படிந்த சதுப்பு நீரில் அனாபிலிஸ் கொசு பெருகியது. மலேரியா தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் லயம் லயமாகப் பரவியது.

1901 முதல் கிள்ளானில் அரசு மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், தோட்டத்துக் குழந்தைகளின் இடது விலாவுக்குக் கீழே கைவைத்து மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஒரு தோட்டத்தின் மலேரியா நிலையைக் கணித்தார். வடிகால் வெட்டச் செய்தார். விரலில் ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பதும் அந்தக் காலத்தில் வந்த முறைதான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கொய்னா மருந்து கொடுத்தார்கள்.

மலேரியா கிருமி கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியில் தங்கிவிடும். கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடை குறைந்த பிள்ளை எல்லாம் அதன் விளைவு. போதாததற்குக் கொக்கிப்புழு. கழிவறை இல்லாத லயங்களில் வெறுங்காலோடு நடந்தவர்களின் தோலைத் துளைத்து உடலுக்குள் போய், குடலில் ரத்தம் குடித்தது. ராக்ஃபெல்லர் நிறுவனத்துக்காக 1915 முதல் சாமுவேல் டார்லிங் குழு மலாயாவில் இதை ஆராய்ந்தது. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "வெளுத்துப் போயிருக்கு" என்று சொன்னால் அதுவே சோகைக்கான பரிசோதனை. ஆனால் வெளுத்த இமை எல்லாம் ஒரே நோயைக் காட்டுவதில்லை. பம்பாயில் பஞ்சாலைப் பெண்களிடம் ஆய்வு நடத்திய லூசி வில்ஸ், ஈஸ்ட் சாறு ஒருவகைக் கர்ப்பகாலச் சோகையைத் தீர்ப்பதை 1931இல் வெளியிட்டார். அதிலிருந்த சத்து ஃபோலேட் என்பது பின்னர் தெரிந்தது.

கல்யாணத்துக்கு முன்பு பிள்ளைப்பேற்றுக்காக ஜாதகத்தில் மகேந்திரப் பொருத்தம் பார்த்த குடும்பங்களுக்கு, மணமக்களின் ரத்தத்தைப் பார்க்கும் வழி எதுவும் இல்லை. 1950களில் அரசு கிராமப்புறச் சுகாதார நிலையங்களையும் மருத்துவச்சிகளையும் மலாய்க் கிராமங்களான கம்பங்களுக்குக் கொண்டுபோனபோது, தோட்டம் தனியார் நிலம், அங்குள்ளவர்களின் உடல்நலம் முதலாளி பொறுப்பு என்றே பெரும்பாலும் விடப்பட்டது. தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டமே 1965இல்தான் வந்தது. தோட்டப் பெண்கள் இதில் ஒரு தலைமுறையை இழந்தார்கள் என்பது மிகையல்ல. பிறகு அரசு கிளினிக்குகளுக்குப் போகத் தொடங்கியபோதும், ஹீமோகுளோபின், ரத்தப் பிரிவு, சிஃபிலிஸுக்கான விடிஆர்எல் ஆகிய சோதனைகள் கர்ப்பம் தரித்த பின்னரே நடந்தன.

அது தாமதம் என்பதற்கு உடலியல் காரணம் உண்டு. சிசுவின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் நரம்புக்குழல், கரு உண்டாகி ஏறத்தாழ 28 நாளில் மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு நாள் தள்ளியிருப்பதே அப்போதுதான் உறைக்கும். முன்பே நரம்புக்குழல் குறையுள்ள பிள்ளை பெற்ற தாய்மார், கருவுறும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால் அக்குறை மீண்டும் வருவது 72 சதவீதம் குறையும் என்று பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 1991இல் காட்டியது. தாயின் சர்க்கரை அளவும் அதே முதல் வாரங்களிலேயே சிசுவைப் பாதிக்கத் தொடங்குகிறது. நீரிழிவு மிகுந்த மலேசிய இந்தியர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

கருவுறும் முன்பே பார்க்க வேண்டிய இன்னொன்று, மரபுவழி ரத்த நோயான தலசீமியா. அதைத் தடுக்கும் திட்டத்தை மலேசியா 2004இல் தொடங்கியது. 2016இல் நான்காம் படிவ மாணவர்களுக்குப் பரிசோதனை வந்தது. சிவப்பணுக்கள் சிறுத்து வெளுத்திருந்தால் இரும்புச்சத்துக் குறைவா, தலசீமியா மரபா என்று பிரித்தறிய ஹீமோகுளோபின் பகுப்பாய்வு உதவும். கணவன், மனைவி இருவருமே பீட்டா தலசீமியா மரபுக்கூறு உடையவர்களானால், ஒவ்வொரு பிள்ளைக்கும் கடுமையான நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அத்தை மகன், மாமன் மகள் என்று உறவில் கட்டும் குடும்பங்களில் இருவரிடமும் ஒரே மரபுக்கூறு இருக்கும் வாய்ப்பு கூடுதல். இன்று அரசு சுகாதார கிளினிக்குகளின் கருவுறுவதற்கு முந்தைய கவனிப்பில் ரத்த அழுத்தம், எடை, சர்க்கரை, ஹீமோகுளோபின், எச்ஐவி, சிஃபிலிஸ் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள்; தேவைப்பட்டால் கணவனையும் சோதிக்கிறார்கள்.