டுசாபிள் பூங்கா, சிகாகோ

சிகாகோ ஆறும் மிச்சிகன் ஏரியும் சந்திக்கும் இடத்தில், 3 ஏக்கருக்குச் சற்றே கூடுதலான சிறு தீபகற்பம் ஒன்று இருக்கிறது. நகரின் நிறுவனர் ழான் பாப்டிஸ்ட் புவான் டுசாபிளின் பெயரில் பூங்கா அமைக்க, 1987-இல் மேயர் ஹெரால்ட் வாஷிங்டன் அதை ஒதுக்கினார். சிகாகோவின் முதல் கறுப்பின மேயரான அவர் அந்த ஆண்டே இறந்துபோனார். அதன்பின் பல பத்தாண்டுகள் அங்கே புதர்தான் மண்டியது.

டுசாபிள் ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்தவர். மனைவி கிட்டிஹாவா, பொட்டவாட்டமி பழங்குடிப் பெண். ஆற்றின் வடகரையில் வாழ்ந்து வணிகம் செய்த டுசாபிள், 1800-இல் தம் உடைமைகளை 6000 லிவருக்கு (பழைய பிரெஞ்சு நாணயம்) விற்றார். விற்பனைப் பட்டியலில் 40 அடி நீள வீடு, குதிரை சுற்றும் மாவு ஆலை, ரொட்டி சுடும் கூடம், பால்கூடம், தொழுவம், கோழிக்கூடு எல்லாம் உண்டு. வெறும் வேட்டைக்காரனின் குடிசையில் இத்தனை இருக்காது. ஆனாலும் பின்னாளில் அதே வீட்டை வாங்கிய வெள்ளையர் ஜான் கின்சியைத்தான் ஊர் நெடுங்காலம் முன்னோடியாகக் கொண்டாடியது. டுசாபிளுக்கு நிறுவனர் என்ற அதிகாரபூர்வ அங்கீகாரம் 1968-இல்தான் கிடைத்தது.

பூங்காவின் வடிவமைப்பாளர்களுக்கு முதல் சவால் மண்ணே. 2000-ஆம் ஆண்டு வாக்கில் அங்கே தோரியக் கழிவு கண்டறியப்பட்டது. பெட்ரோமாக்ஸ் மேண்டில்களைப் போன்ற, தோரியம் சேர்த்த எரிவாயு விளக்கு வலைகளைத் தயாரித்த லிண்ட்சே லைட் நிறுவனம் அக்கம்பக்கத்தில் விட்டுச்சென்ற மிச்சம் அது. தோரியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1400 கோடி ஆண்டுகள் என்பதால் தானாகக் குறையட்டும் என்று காத்திருக்க வழியில்லை. மண்ணைத் தோண்டி அகற்றவேண்டியிருந்தது.

அடுத்தது பணம். பூங்காவுக்கு மேற்கே எழவிருந்த சிகாகோ ஸ்பயர் கோபுரம், 2008 நிதி நெருக்கடியில் வெறும் பள்ளமாக நின்றது. அந்த மனையை எடுத்துக்கொண்ட ரிலேட்டட் மிட்வெஸ்ட் கட்டுமான நிறுவனம், பூங்காவுக்கு 1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

வடிவமைப்பில் கடினமான கேள்வி வேறு: எதைக் காட்டுவது? டுசாபிள் வாழ்ந்த காலத்தில் வரையப்பட்ட உருவப்படம் எதுவும் இல்லை. எந்தச் சிலையும் சிற்பியின் கற்பனை முகமே. பூங்கா நிலமும் அவர் மிதித்த நிலமன்று. அன்று அது ஏரி. பிற்காலத்தில் மண் கொட்டி உருவாக்கப்பட்ட கரை. அவர் வீடு இருந்த இடம் சுமார் ஒரு கிலோமீட்டர் மேற்கே, இன்றைய பயனியர் கோர்ட் சதுக்கத்தில் இருக்கிறது. அங்கே 2009-இல் அவருக்கு மார்பளவுச் சிலை வைத்தார்கள்.

ஆகவே முகத்தைவிட அந்த விற்பனைப் பட்டியலே உறுதியான மூலப்பொருள். ஆலையையும் ரொட்டிக் கூடத்தையும் கிட்டிஹாவாவின் மக்களையும் நினைவூட்டும் பூங்கா, ஒரு கற்பனை முகத்தைவிட அவரை உண்மையாகச் சொல்லும். பூங்காவை நகரிலிருந்து பிரிக்கும் ஏரிக்கரை நெடுஞ்சாலை 2021 முதல் டுசாபிளின் பெயரையே தாங்குகிறது. அதைத் தாண்டி, சதுக்கத்திலிருந்து ஆற்றோரமாக ஒரு குழந்தை பயமின்றி நடந்துவர வழி அமைப்பதும் இந்த வடிவமைப்பின் பொறுப்பே.