கில்லாடியும் மெரிட்டும்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் நம் தெருக்களில் 'கில்லாடி' என்ற சொல் காதில் விழாமல் ஒரு நாள் போகாது. பருத்தி எடுப்பதில் கில்லாடி, பறையடிப்பதில் கில்லாடி, மோட்டாரைப் பிரித்து மாட்டுவதில் கில்லாடி. விளையாடுகிறவர் என்று பொருள்படும் இந்தி 'கிலாடி'தான் தமிழில் இப்படி ஆனது. இங்கே அதற்கு இரண்டு முகம். வீட்டில் சொன்னால் பாராட்டு. கூலியைக் கணக்குப் பார்த்துக் கேட்டவரைப் பற்றி நிலக்காரர் "அவன் பெரிய கில்லாடியாச்சே" என்றால், உஷாராக இருங்கள் என்று அர்த்தம். நம் திறமையைப் பேசும் சொல்லில் சந்தேகமும் ஒட்டிக்கொண்டே வருகிறது.

'மெரிட்' அப்படியில்லை. அதில் கறையே கிடையாது. அது யாருக்கு எப்படிக் கிடைத்தது என்று பார்க்க 1951-க்குப் போகவேண்டும். அப்போது சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை நடப்பில் இருந்தது. கல்லூரியில் 14 இடம் என்றால் 2 பட்டியல் சாதியினருக்கு, 2 பிராமணருக்கு, மீதி மற்றவர்களுக்கு. இதை எதிர்த்து செண்பகம் துரைராஜன் வழக்குப் போட்டார். தகுதி இருந்தும் சாதியால் மருத்துவ இடம் மறுக்கப்படுகிறது என்பது வாதம். உச்ச நீதிமன்றம் அரசாணையை ரத்து செய்தது. தீர்ப்பிலேயே ஒரு விவரம் இருக்கிறது, தோழர்களே, படித்துப் பாருங்கள்: அவர் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை! விண்ணப்பிக்காத ஒருவரின் தகுதி நாட்டின் சட்டப் பிரச்சினை ஆனது.

66 ஆண்டுகள் கழித்து அரியலூர் மாவட்டம் குழுமூரிலிருந்து அனிதா அதே நீதிமன்றத்துக்குப் போனார். அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். பிளஸ் டூவில் 1200-க்கு 1176. இயற்பியலிலும் கணிதத்திலும் 200-க்கு 200. மருத்துவ கட் ஆஃப் 196.75. பழைய முறைப்படி இடம் உறுதி. மெரிட் என்று இத்தனை காலம் எதைச் சொன்னார்களோ, அதை அவர்கள் கேட்ட எண்ணிலேயே கொண்டுவந்து வைத்த பெண் அவர்.

ஆனால் அந்த ஆண்டு அளவுகோல் மாறியிருந்தது. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர், வேறு பாடத்திட்டத்தை ஒட்டிய நீட்டில் 720-க்கு 86 பெற்றார். நீட் அடிப்படையில்தான் சேர்க்கை என்று 2017 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. செப்டம்பர் 1 அன்று அனிதாவை இழந்தோம். அதற்குப் பிறகும் "தகுதி இல்லை" என்று எழுதியவர்கள் உண்டு. மே மாதம் கெட்டிக்காரி, ஆகஸ்டில் தகுதியற்றவர். நடுவில் அந்தப் பெண்ணின் மூளையில் என்ன குறைந்துபோனது?

செண்பகம் தீர்ப்பு வந்தது 1951 ஏப்ரலில். தமிழ்நாடு கொதித்தது, பெரியார் தெருவில் இறங்கினார். அதே ஜூனில் முதல் அரசியல் சட்டத் திருத்தமே வந்து 15(4) சேர்ந்தது. நீட் விலக்கு மசோதாவை நம் சட்டமன்றம் 2021-ல் நிறைவேற்றியது, ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றினார்கள். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வர் அறிவித்தார்.