குயில்ட் சட்டம்

மேல்துணி, நடுவே பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்குகள் கொண்ட குயில்ட் போர்வையை விறைப்பாக இழுத்துப் பிடிக்கும் மரச்சட்டம். அமெரிக்க, கனடிய நாட்டுப்புற வீடுகளில் நெடுங்காலமாகப் புழங்கி வருகிறது. மிக எளிய வடிவம் நான்கு நீண்ட பலகைகள்தான். மூலைகளை கிளாம்ப் போட்டு இறுக்கி, நாற்காலி முதுகுகளின் மேல் கிடத்துவார்கள். இடமில்லாத வீடுகளில் உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிட்டு, இரவில் மேலே ஏற்றிவிடுவதும் உண்டு.

பலகையின் ஓரம் நெடுக ஆணியடித்த தடித்த துணிப்பட்டையில் அடித்துணியைத் தைத்து இழுப்பார்கள். அதன்மேல் பஞ்சையும் மேல்துணியையும் பரப்பி, அடுக்குகள் நழுவாதிருக்க நீளநீளமான தற்காலிகத் தையல் போடுவார்கள். சட்டத்தின் உண்மையான பயன் இங்கேதான்: தரையில் விரித்துச் செய்யும்போது அடித்துணியில் விழும் சுருக்கம் இதில் விழுவதில்லை, முழங்காலும் தப்பிக்கிறது.

அடுக்குகளை நிரந்தரமாக இணைக்கும் நுண்தையலுக்குப் பொழுதில்லாதபோது முடிச்சுப் போடுவதே வழி. கம்பளி நூல் கோத்த ஊசியை மேலிருந்து குத்தி, கால் அங்குலம் தள்ளி மேலே எடுத்து, இரட்டை முடிச்சிட்டு, நுனியை ஓர் அங்குலம் விட்டு நறுக்குவார்கள். முடிச்சுகளுக்கிடையே சுமார் 4 அங்குலம் இருக்கும். கைக்கெட்டும் தூரம் முடிந்ததும் அந்தப் பகுதியைப் பலகையில் சுருட்டி உள்ளே நகர்வார்கள். நாலைந்து பேர் சுற்றி அமர்ந்தால் ஒரே நாளில் ஒரு போர்வை முடியும். 1920இல் தொடங்கிய மெனனைட் மத்தியக் குழு என்ற கிறித்தவ நிவாரண அமைப்பு அகதிகளுக்கு அனுப்பும் போர்வைகளில் பல இவ்வாறு முடிச்சிட்டவையே.